ஓட்டை எங்கே இருக்க வேண்டும்?

ஒரு விசிட்டிங் கார்டின் நடுவே குண்டூசியால் பிசிறில்லாமல் ஒரு துளை போடுங்கள். பிறகு செய்தித்தாளைக் கண்ணுக்கு நான்கு விரல் தூரத்தில் பிடித்துப் படிக்கப் பாருங்கள். எழுத்தெல்லாம் கலங்கிக் கிடக்கும். இப்போது அந்த அட்டையைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, துளை வழியாக அதே வரியைப் பாருங்கள். வெளிச்சம் குறைந்திருக்கும், ஆனால் எழுத்து படிக்க வரும். வெள்ளெழுத்துக் கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தவர்கள் இதை வைத்து மருந்துச் சீட்டைக்கூடப் படித்துவிடலாம்.

கண்ணாடியோ லென்ஸோ இல்லை. இருப்பது ஒரு வெற்றுத் துளை. அது என்ன செய்தது?

ஒரு பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி விரிந்து வந்து, கண்பாவை முழுவதும் பட்டு உள்ளே நுழைகிறது. அத்தனை கதிர்களையும் விழித்திரையில் மறுபடி ஒரே புள்ளியாக்குவது கண் லென்ஸின் வேலை. பொருள் மிகவும் கிட்டே இருந்தால் லென்ஸால் முடியாது. புள்ளிக்குப் பதிலாக ஒரு வட்டம் விழுகிறது. பல்லாயிரம் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதைத்தான் நாம் மங்கல் என்கிறோம். கண்முன்னே துளையை வைத்தால் உள்ளே வரும் கதிர்க்கற்றை மெலிகிறது. கற்றை மெலிந்தால் வட்டம் சிறுக்கிறது, வட்டம் சிறுத்தால் படம் தெளிகிறது. துளை எந்தக் கதிரையும் திருத்துவதில்லை. குழப்பம் செய்யக்கூடிய கதிர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது, அவ்வளவுதான்.

கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1619-இல் வெளியிட்ட கண் பற்றிய நூலில் இதற்கு நெருங்கிய ஒரு சோதனை இருக்கிறது. கண்பாவையின் அகலத்துக்குள் அடங்கும்படி அருகருகே இரண்டு ஊசித்துளைகள். அவற்றின் வழியாக ஓர் ஊசியைப் பார்த்தால், கண் எந்தத் தூரத்துக்குக் குவிந்திருக்கிறதோ அங்கே மட்டும் ஊசி ஒன்றாகத் தெரியும். முன்னே போனாலும் பின்னே போனாலும் இரண்டாகிவிடும். கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்துக்குத்தான் குவியும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. துப்பாக்கி பிடிப்பவனின் தலைவலியும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மூன்று தூரம், ஒரு கண்

பழைய ஏர் ரைஃபிள்களில் குறிபார்க்கும் ஏற்பாடு எளிமையானது. குழலின் பின்பகுதியில் ‘வி’ வடிவ வெட்டுள்ள தகடு பின் சைட். குழல் முனையில் நிற்கும் சிறு கம்பி முன் சைட். வெட்டின் நடுவே கம்பியை நிறுத்தி, கம்பியின் தலையில் இலக்கை உட்கார வைக்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் பின் சைட் கண்ணிலிருந்து 35 சென்டிமீட்டரில் இருக்கிறது, முன் சைட் 80 சென்டிமீட்டரில், இலக்கு 10 மீட்டரில். இருபது வயதுக் கண் மூன்றுக்கும் மாறிமாறித் தாவி ஒப்பேற்றிவிடும். நாற்பதைத் தாண்டினால் லென்ஸ் இறுகத் தொடங்கி, முதலில் பின் சைட் கைவிட்டுப் போகும்.

மங்கல் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். தூரத்தை மீட்டரில் எடுத்து ஒன்றை அதனால் வகுத்தால் டயாப்டர் கிடைக்கும். முன் சைட் 1.25 டயாப்டர், இலக்கு 0.1 டயாப்டர். கண் முன் சைட்டில் குவிந்திருக்கும்போது இலக்குக்கு உள்ள வித்தியாசம் 1.15. இதைக் கண்பாவையின் விட்டத்தால், மில்லிமீட்டரில், பெருக்கினால் மங்கல் வட்டத்தின் கோணம் மில்லிரேடியனில் வந்துவிடும். ஒரு மில்லிரேடியன் என்பது 10 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர். பாவை 4 மி.மீ. விரிந்திருந்தால் 4.6 மில்லிரேடியன், அதாவது இலக்குத் தாளில் 46 மி.மீ. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் உள்ள கருவட்டத்தின் விட்டமே 30.5 மி.மீ. தான். மங்கல் இலக்கையே விழுங்கிவிடுகிறது.

இப்போது 1.2 மி.மீ. துளையுள்ள ஒரு தகட்டைக் கண்ணருகே வையுங்கள். பாவை எவ்வளவு விரிந்தாலும் ஒளி நுழையும் வாசல் 1.2 மி.மீ. தான். மங்கல் 46-இலிருந்து 14 மி.மீ. ஆகச் சுருங்கும். கருவட்டத்தின் விளிம்பு சற்று மென்மையாக, ஆனால் முழு வட்டமாகத் தெரியும். இதுதான் பீப் சைட். பின் சைட்டைக் கண் பார்க்கவே வேண்டாம், அதன் வழியாகப் பார்த்தால் போதும். மூன்று தூரம் இரண்டாகிறது. அந்த இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன.

அப்படியானால் துளையை இன்னும் சிறிதாக்கினால் இன்னும் தெளியுமே? அங்கேதான் ஒளி தன் அலைக்குணத்தைக் காட்டுகிறது. குறுகிய துளையைக் கடக்கும் ஒளி விளிம்பில் விலகி விரியும். 1.2 மி.மீ. துளைக்கு இந்த விரிவு, நடுப்புள்ளியிலிருந்து முதல் கருவளையம் வரை, 10 மீட்டரில் 5.6 மி.மீ. துளையை அரை மில்லிமீட்டராக்கினால் அது 13 மி.மீ.க்கு மேலே போய்விடும். வெளிச்சமும் ஆறில் ஒரு பங்காகும். ஒரு பக்கம் குவியப் பிழை குறைய, மறுபக்கம் விளிம்பு விலகல் ஏறுகிறது. இரண்டும் சமாதானமாகும் இடம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டி இருக்கிறது. போட்டியாளர்கள் பயன்படுத்தும் துளைகள் பெரும்பாலும் 1.0 முதல் 1.3 மி.மீ. வரை இருப்பது கண்ணின் இயற்பியல் விதித்த எல்லை.

வெளிச்சத்தில் கொடுக்கும் விலையும் கொஞ்சமல்ல. 4 மி.மீ. பாவையோடு ஒப்பிட்டால் 1.2 மி.மீ. துளை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஒளியைத்தான் விடுகிறது. ஆகவே பீப் சைட்டுக்கு நல்ல வெளிச்சமுள்ள இலக்கு வேண்டும். மங்கிய கூடத்தில் சற்றுப் பெரிய துளைதான் கைகொடுக்கும்.

தூரம் தரும் லாபம்

துளைத் தகடு கண்ணருகே இருக்க வேண்டியிருப்பதால், பின் சைட் துப்பாக்கியின் பின்கோடிக்குப் போகிறது. இரண்டு சைட்டுகளுக்கும் இடைப்பட்ட தூரம் 45 சென்டிமீட்டரிலிருந்து 70 சென்டிமீட்டராகிறது என்று கொள்வோம். குறிபார்ப்பதில் 0.1 மி.மீ. தவறினால், முன்பு இலக்கில் 2.2 மி.மீ. விலகும். இப்போது 1.4 மி.மீ. தான்.

இடமாறு தோற்றப் பிழையும் அடங்குகிறது. பாவை 4 மி.மீ., துளை 1.2 மி.மீ. என்றால், கண் எந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அதே கற்றைதான் உள்ளே வருகிறது. கன்னம் கட்டையில் மயிரிழை பிசகாமல் பதிய வேண்டும் என்ற கட்டாயம் தளர்கிறது.

இதைப் பார்த்துவிட்டுச் சிலர், பழைய ‘வி’ தகட்டைக் கழற்றி அதே இடத்தில் ஒரு துளைத் தகட்டைச் செருகுவார்கள். பலிக்காது. கண்ணிலிருந்து 35 சென்டிமீட்டரில் இருக்கும் 1.2 மி.மீ. துளை 3.4 மில்லிரேடியன் அகலமே காட்டும். இலக்கில் 3.4 சென்டிமீட்டர். முன் சைட்டைச் சுற்றியுள்ள குடைகூட அதற்குள் அடங்காது. துளை கண்ணுக்கு அருகே, ஐந்தாறு சென்டிமீட்டரில் இருந்தாக வேண்டும். அங்கே துப்பாக்கியில் என்ன இருக்கிறது என்பதுதான் இனி நமது கேள்வி.

இரண்டு பழைய துப்பாக்கிகள்

துளை வழியே குறிபார்ப்பது ஏர் ரைஃபிளுக்கு முந்தியது. அமெரிக்காவில் வில்லியம் லைமன் தன் பீப் சைட்டுக்கு 1879-இல் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் நான்காம் எண் லீ என்ஃபீல்டும் அமெரிக்கப் படையின் கேரண்டும் துளை சைட்டோடுதான் போர்க்களம் போயின. ஏர் ரைஃபிளில் இது போட்டித் துப்பாக்கிகளின் அடையாளமாயிற்று. நெக்கர் நதிக்கரையில் ஓபர்ன்டார்ஃபிலிருந்து 1961-இல் வந்த ஃபைன்வெர்க்பாவ் 150 போன்றவை பீப் சைட்டை மனத்தில் வைத்தே செய்யப்பட்டன. ஒலிம்பிக்ஸில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் 1984-இல் நுழைந்தது. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் சுடுவதும் இந்தத் துளையின் வழியாகத்தான். அந்த இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர்.

நம் கவலை அவற்றைப் பற்றியதல்ல. சாதாரண வீட்டுத் துப்பாக்கியாகவோ கிளப் துப்பாக்கியாகவோ பிறந்து, இன்று சேகரிப்பாளர் கையில் இருக்கும் பழைய துப்பாக்கிகளைப் பற்றியது. இரண்டை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது பர்மிங்காம். லிங்கன் ஜெஃப்ரிஸ் என்ற துப்பாக்கிக்காரர் 1904-இல் பெற்ற காப்புரிமையின்படி, பி.எஸ்.ஏ. நிறுவனம் அடுத்த ஆண்டிலிருந்து செய்து விற்ற ரைஃபிள். குழல் அசையாது. கீழே உள்ள நெம்புகோலை இழுத்தால் ஸ்பிரிங் இறுகும். மத்திய இங்கிலாந்தின் மதுக்கடைகளில் நடந்த ‘பெல் டார்கெட்’ பந்தயங்களில் இத்தகைய துப்பாக்கிகள் புழங்கின. இரும்புத் தகட்டில் முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது 9.5 மி.மீ. அளவில் ஓர் ஓட்டை. அதன் வழியே குண்டு போனால் பின்னால் மணி அடிக்கும்.

இரண்டாவது பவேரியா. மெல்ரிக்‌ஷ்டாட் ஊரின் வைராவ் நிறுவனம் 1950-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த எச்.டபிள்யூ. 35. குழலையே மடித்து ஸ்பிரிங்கை இறுக்கும் வகை. குழலைப் பூட்டி வைக்கப் பக்கவாட்டில் ஒரு கொக்கி உண்டு. பிற்காலத்தில் வந்தவற்றில் சிலிண்டரின் முதுகில் நீளவாக்கில் இரண்டு டவ்டெயில் காடிகள் வெட்டப்பட்டிருக்கும். பீப் சைட்டை அதில் கவ்வவிட்டால் வேலை பாதி முடிந்தது. பி.எஸ்.ஏ.வில் அந்த வசதி இல்லை.

டிரில் வேண்டாம், ஏன்?

காடி இல்லாத துப்பாக்கியைக் கண்டதும் பட்டறைக்காரருக்குக் கை துறுதுறுக்கும். ‘பின்னால ரெண்டு துளை போட்டு, டேப் அடிச்சு, ஸ்க்ரூ முடுக்கிட்டா முடிஞ்சுது.’ அரை மணி நேர வேலைதான். அந்த அரை மணி நேரத்தில் என்னென்ன கெடும் என்று பார்ப்போம்.

குழலுக்குப் பின்னால் வெளியே தெரியும் உருண்டைக் குழாய் வெறும் கூடு அல்ல. உள்ளே பிஸ்டன் ஓடும் சிலிண்டர் அது. விசையை அழுத்தியதும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னே தள்ள, முன்கோடியில் காற்று வளிமண்டல அழுத்தத்தைப் போல் பல பத்து மடங்குக்கு நசுங்குகிறது. அந்தப் பகுதியில் துளை போட்டால் துப்பாக்கி அன்றோடு சரி. பின்பகுதியில் போட்டால் அழுத்தம் கசியாதுதான், ஆனால் ஸ்பிரிங்கை இறுக்கும்போது பிஸ்டன் அதுவரை பின்வாங்கி வருகிறது. துளையின் உள்விளிம்பில் நிற்கும் பிசிறு அதைக் கீறும். திருகு அரை மில்லிமீட்டர் நீண்டுவிட்டால் பிஸ்டன் முட்டி நிற்கும். சிலிண்டர் சுவரின் கனம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். 4 மி.மீ. திருகின் மரை 0.7 மி.மீ.க்கு ஒன்று. அப்படியென்றால் பிடிக்கக் கிடைப்பது மூன்று நான்கு மரைதான். ஒவ்வொரு சுடுதலின் அதிர்ச்சியையும் அது எத்தனை நாள் தாங்கும்?

அடுத்தது மேற்பரப்பு. பழைய எஃகின் கருநீல நிறம் பெயின்ட் அல்ல. இரும்பின் மேற்பரப்பையே ஆக்சைடாக மாற்றி உண்டாக்கிய மிக மெல்லிய படலம். டிரில் ஒருமுறை வழுக்கினால் போதும், வெள்ளைக் கோடு விழுந்துவிடும். மறுபடி நீலம் ஏற்ற மொத்தத்தையும் மெருகிட வேண்டும். அப்போது முத்திரை எழுத்துகளின் கூர்மை போய்விடும், நூறாண்டு கைபட்டு வந்த சாயலும் போய்விடும். துளை போட்ட துப்பாக்கியைச் சேகரிப்பாளர் கையில் வாங்கியதும் கட்டைவிரலால் சிலிண்டரின் பின்முதுகைத் தடவிப் பார்ப்பார். அடைத்த துளையும் விரலுக்குத் தெரியும். விலை அங்கேயே இறங்கிவிடும்.

அருங்காட்சியகங்களில் பழம்பொருளைப் பேணுபவர்கள் ஒரு விதியைக் கைக்கொள்கிறார்கள்: இன்று நாம் சேர்ப்பது எதுவாக இருந்தாலும் நாளை ஒருவர் தடயமில்லாமல் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஏர் ரைஃபிளுக்கும் அது பொருந்தும். பீப் சைட்டுக்கு ஒரே ஒரு துளைதான் தேவை. அது ஏற்கெனவே தகட்டில் இருக்கிறது. துப்பாக்கியில் இன்னொன்று எதற்கு?

காடி உள்ள துப்பாக்கி

வேலையைத் தொடங்குமுன் இரண்டு விஷயம். குழலில் குண்டு இல்லை, ஸ்பிரிங் இறுக்கப்படவில்லை என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். அடுத்து, துப்பாக்கி இருக்கும் நிலையிலேயே எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துவைக்க வேண்டும்.

டவ்டெயில் காடியை எல்லோரும் ‘11 மி.மீ. காடி’ என்பார்கள். வெர்னியர் வைத்தால் வேறு கதை. ஒன்பதரை மி.மீ. உண்டு, பதினொன்று உண்டு, பதின்மூன்றைத் தாண்டியதும் உண்டு. சரிவின் கோணமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கோணம் பொருந்தாத தாடை காடியின் விளிம்பை ஒரு கோடாக மட்டும் கவ்வும். திருகை முடுக்க முடுக்க அந்தக் கோட்டில் எஃகு நசுங்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மலிவான வழி உண்டு. தாடையின் உட்புறத்தில் மார்க்கர் மையை மெலிதாகப் பூசி, அது காயுமுன் காடியில் வைத்து விரலால் மட்டும் முடுக்கிக் கழற்றுங்கள். காடியின் சரிவு முழுக்க மை ஒட்டியிருந்தால் கவ்வல் சரி. விளிம்பில் ஒரு கோடு மட்டும் ஒட்டியிருந்தால் அந்தத் தாடை இந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. முன்கோடியில் மட்டும் ஒட்டியிருந்தால் சைட் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் மை போய்விடும். சிறு இடைவெளியை அடைக்கக் குளிர்பானக் கேனில் வெட்டிய அலுமினியத் துண்டு நல்ல ஷிம். பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், எஃகைவிட மென்மை, கீறாது.

முடுக்குவதற்கு அளவு உண்டு. ஆனால் தளர விட்டாலும் வம்பு, ஏனென்றால் ஸ்பிரிங் துப்பாக்கியின் உதை விசித்திரமானது. 300 கிராம் பிஸ்டன் 80 மி.மீ. முன்னே பாய்ந்தால், மூன்றரைக் கிலோ துப்பாக்கி ஏறக்குறைய 7 மி.மீ. பின்னே நகர வேண்டும். உந்த அழிவின்மை விதி அதைத்தான் சொல்கிறது. இது மெதுவான தள்ளல். பாய்ந்த பிஸ்டன் முன்கோடியில் காற்று மெத்தையில் மோதி நிற்கும்போதுதான் அடி விழுகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்குக்குள் துப்பாக்கி முன்பக்கமாக வெடுக்கென்று இழுபடும். காடியில் உட்கார்ந்திருக்கும் சைட் அந்த வேகத்துக்கு உடன்வராமல் பின்தங்கப் பார்க்கும். விளைவு, சைட் சுடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணை நோக்கி ஊரும். காடியின் முதுகில் நீளக் கீறலும் விழும்.

திருகை இன்னும் இறுக்குவது இதற்கு மருந்தல்ல. சைட்டின் பின்னால் ஒரு தடுப்பு வேண்டும். எச்.டபிள்யூ. 35 போன்றவற்றின் காடியில் இதற்கென்றே சிறு குழிகள் இருக்கும், சைட்டின் அடியில் உள்ள முளை அதில் இறங்க வேண்டும். குழி இல்லாவிட்டால், தனியாக ஒரு சிறு கவ்வியைக் காடியில் சைட்டை ஒட்டிப் பின்னால் பொருத்தலாம். கவ்வும் பரப்புகளில் எண்ணெய் இருக்கக் கூடாது. காடியில் எண்ணெய் பூசிவிட்டுச் சைட் ஊருகிறதே என்று வருந்துவதில் பயனில்லை.

காடி இல்லாத துப்பாக்கி

பி.எஸ்.ஏ. மாதிரியான துப்பாக்கியில் முதலில் தேட வேண்டியது, அதன் காலத்திலேயே அதற்கென்று விற்கப்பட்ட பீப் சைட் உண்டா என்பதை. அந்த நாளில் பல நிறுவனங்கள் இவற்றைத் துணைப் பொருளாக விற்றன. வெப்லி நிறுவனத்தின் போருக்கு முந்தைய சர்வீஸ் ரைஃபிளில் மடக்கும் பீப் சைட் பிறவியிலேயே இருந்தது. காலத்துக்கு ஒத்த சைட் கிடைத்தால் துப்பாக்கியின் மதிப்பு குறையாது, கூடும்.

கிடைக்காவிட்டால், ஏற்கெனவே இருக்கும் திருகு ஒன்றைப் பிடிக்க வேண்டும். கட்டையையும் உலோகத்தையும் இணைக்கும் பின்திருகுதான் பெரும்பாலும் கைகொடுக்கும். அதன் தலைக்குக் கீழே ஒரு பித்தளைத் தகட்டை நுழைத்து, தகட்டின் மேல் சைட்டை ஏற்றலாம். தகட்டின் கனத்துக்கு ஏற்பத் திருகு நீண்டிருக்க வேண்டும். பழைய திருகை எடுத்து வைத்துவிட்டுப் புதியதைச் செய்துகொள்ள வேண்டும்.

இங்கே ஒரு பொறி காத்திருக்கிறது. பழைய பிரிட்டிஷ் துப்பாக்கியின் சிறு திருகுகள் மெட்ரிக் அளவில் இல்லை. பிரிட்டிஷ் அசோசியேஷன் மரையின் இரண்டாம் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டம் 4.7 மி.மீ., மரை இடைவெளி 0.81 மி.மீ. கடையில் கிடைக்கும் 5 மி.மீ. மெட்ரிக் திருகின் இடைவெளி 0.8 மி.மீ. இடைவெளி ஏறக்குறைய ஒன்று என்பதால் முனை பிடித்துக்கொண்டதுபோல் இருக்கும். ஆனால் விட்டம் பெரிது, மரையின் கோணம் 47.5 பாகைக்குப் பதில் 60. ‘கொஞ்சம் டைட்டா போகுது’ என்று முடுக்கினால் நூறாண்டு மரை ஒரே சுற்றில் அரைபட்டுப் போகும். விரலால் முடுக்கி முழுதும் உள்ளே போகாத திருகு அந்தத் துளைக்கு உரியதல்ல. ஸ்க்ரூ டிரைவரும் வெட்டுக்குச் சரியான அகலத்தில், முனை சரியாமல் இருக்க வேண்டும். சிதைந்த திருகுத் தலைதான் பழைய துப்பாக்கியில் முதலில் கண்ணில் படும் காயம்.

சிலிண்டரைச் சுற்றி மெல்லிய பட்டை போட்டுச் சைட்டைக் கட்டுவது இன்னொரு வழி. சைட்டின் தட்டையான அடிப்பாகம் உருண்டை முதுகில் ஆடாமல் உட்கார ஒரு சேணம் வேண்டும். சிலிண்டரில் மெழுகை இரண்டு முறை பூசி, அதன்மேல் எபாக்ஸி மாவை வைத்து, சைட்டின் அடித்தட்டை அதில் அழுத்தி இறுக விட்டால், முதுகின் வளைவை அப்படியே வாங்கிக்கொண்ட அச்சு கிடைக்கும். மெழுகு இருப்பதால் மறுநாள் மெல்லத் தட்டினால் கையோடு வந்துவிடும். பட்டையின் உட்புறம் மெல்லிய தோலை ஒட்டலாம், ஆனால் அப்படியே மாதக்கணக்கில் விடக் கூடாது. தோல் ஈரத்தை வாங்கும், அடியில் துரு ஏறும். இன்னொரு சிக்கல், பட்டை கட்டைக்கும் சிலிண்டருக்கும் நடுவே போக வேண்டும். இடமில்லை என்றால் கட்டையைச் சீவத் தோன்றும். கட்டையைச் சீவுவதும் சேதம்தான். அப்படிப்பட்ட துப்பாக்கியில் பட்டை வழியை மறந்துவிட வேண்டும்.

கீல் செய்யும் குறும்பு

மடிக்கும் வகைத் துப்பாக்கியில் யாரும் எளிதில் யோசிக்காத ஒன்று உண்டு. எச்.டபிள்யூ. 35-இன் பழைய பின் சைட், குழலோடு சேர்ந்த கட்டியின்மேல் இருக்கிறது. முன் சைட்டும் குழலில். எனவே குழல் ஒவ்வொரு முறையும் சற்று வேறு கோணத்தில் பூட்டினாலும், இரண்டு சைட்டும் சேர்ந்தே திரும்பும். கீலின் பிழை இலக்கில் தெரியாது. பீப் சைட்டைச் சிலிண்டரின் முதுகில் ஏற்றிய கணத்தில் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. ஒரு சைட் சிலிண்டரில், மற்றது குழலில், நடுவே ஒரு கீல்.

எவ்வளவு மோசம்? கீல் அச்சிலிருந்து 40 மி.மீ. தள்ளி உள்ள பூட்டு 0.02 மி.மீ. பிசகினால் குழல் அரை மில்லிரேடியன் திரும்பும். சிலிண்டரில் தொலைநோக்கி பொருத்தியிருந்தால் 10 மீட்டரில் 5 மி.மீ. பிழை முழுதாக வரும். பீப் சைட்டிலோ முன் சைட்டும் குழலோடு நகர்கிறது. குழல் நிமிர்ந்தால் முன் சைட்டும் உயர்கிறது, சுடுபவர் அதைக் குறிக்குக் கொண்டுவரத் துப்பாக்கியைத் தாழ்த்துகிறார். கீலிலிருந்து முன் சைட்டுக்கு 48 சென்டிமீட்டர், இரு சைட்டுகளுக்கு இடையே 70 சென்டிமீட்டர் என்றால், பிழையில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு தானாகவே கழிந்துவிடும். மிஞ்சுவது ஒன்றரை மி.மீ. தான். அந்தத் துப்பாக்கியில் பூட்டுக் கொக்கி இருப்பது இங்கே ஒரு வரம். அது ஒவ்வொரு முறையும் முழுதாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

உயரக் கணக்கு

பீப் சைட் வழக்கமாகப் பழைய ‘வி’ தகட்டைவிட உயரமாக நிற்கும். பின் சைட் உயர்ந்தால் குண்டு மேலே போகும். 70 சென்டிமீட்டர் இடைவெளியில் 8 மி.மீ. கூடுதல் உயரம், 10 மீட்டரில் 11 சென்டிமீட்டருக்கு மேல் தூக்கிவிடும். இலக்குத் தாளையே தாண்டிவிடும்.

எவ்வளவு வேண்டும் என்பதைச் சுடாமலே கணக்கிடலாம். குண்டு நொடிக்கு 175 மீட்டர் வேகத்தில் போனால் 10 மீட்டரைக் கடக்க 0.057 நொடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதை 16 மி.மீ. இறக்கும். முன் சைட்டின் நுனி குழலின் மையத்துக்கு மேலே 25 மி.மீ. என்றால், பார்வைக் கோடு குழலின் கோட்டோடு ஒப்பிட 10 மீட்டரில் 41 மி.மீ. சரிய வேண்டும். 70 சென்டிமீட்டருக்கு அது ஏறக்குறைய 2.9 மி.மீ. துளையின் மையம் முன் சைட்டைவிட அவ்வளவு உயரத்தில் இருந்தால் போதும். வெர்னியரால் அளந்து பாருங்கள். திருகும் எல்லைக்குள் துளை அவ்வளவு தாழ இறங்காவிட்டால், முன் சைட்டை உயர்த்த வேண்டும். பழைய கம்பியை அரத்தால் சீவுவது தீர்வாகாது. சீவினால் குண்டு இன்னும் மேலேதான் போகும், போன உலோகமும் திரும்பி வராது. குழல் முனையில் நழுவிப் பொருந்தும் உறை வகை முன் சைட்டோ, குடைக்குள் மாற்றிப் போடக்கூடிய உயரமான தகடோ தேவை.

மாற்றுவதுதான் மாற்றுகிறோம், கம்பிக்குப் பதில் வளையமே போடலாம். 10 மீட்டரில் உள்ள கருவட்டம், கண்ணிலிருந்து 80 சென்டிமீட்டரில் இருக்கும் முன் சைட்டின் இடத்தில் 2.4 மி.மீ. அகலமாகத் தெரியும். அங்கே 3.4 மி.மீ. வளையம் வைத்தால் கருவட்டத்தைச் சுற்றி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் வெள்ளை நிற்கும். துளைக்குள் வளையம், வளையத்துக்குள் கருவட்டம். வெள்ளை ஒரு பக்கம் துளி தடித்தாலும் கண் உடனே பிடித்துவிடும். விளிம்பு மங்கலாக இருந்தாலும் வட்டத்துக்குள் வட்டத்தை நடுவில் நிறுத்துவதில் நம் கண்கள் கெட்டிக்காரர்கள்.

அதன் பிறகு நல்ல பெல்லட் தடுப்பு வைத்து, கண்ணாடி அணிந்து, ஐந்து குண்டுகள் சுட்டு, அவற்றின் நடுவைப் பார்த்துத் திருத்த வேண்டும். ஒரே குண்டைப் பார்த்துத் திருகைத் திருப்புபவர் தன் கைநடுக்கத்தைத் துரத்திக்கொண்டிருக்கிறார். திருகின் மரை அரை மில்லிமீட்டர், ஒரு சுற்றுக்கு 20 கிளிக் என்றால், ஒரு கிளிக் இலக்கில் 0.36 மி.மீ. குண்டு தாழ்ந்தால் துளையை உயர்த்து, இடப்பக்கம் போனால் துளையை வலப்பக்கம் நகர்த்து. பின் சைட் எந்தப் பக்கமோ குண்டும் அந்தப் பக்கம்.

ஐந்து குண்டும் நடுவில் விழத் தொடங்கியதும் வேலை முடிந்ததாகத் தோன்றும். இன்னும் ஒரு சோதனை பாக்கி. முதல் மாதக் கடைசியில் சைட்டை முழுவதுமாகக் கழற்றி, தொடக்கத்தில் எடுத்த படங்களோடு துப்பாக்கியை ஒப்பிடுங்கள். காடியில் புதிய பளபளப்பு, பட்டையடியில் துருப்பொட்டு, திருகுத் தலையில் புதிய கீறல் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் கவ்வல் தவறு, இலக்கில் எத்தனை பத்து விழுந்திருந்தாலும் தவறுதான். இல்லாவிட்டால் காடியில் மெல்லிய மெழுகு பூசித் துடைத்து, சைட்டைத் திரும்ப ஏற்றலாம். பழைய ‘வி’ தகடு, பழைய திருகு, எது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு மூன்றையும் ஒரே பையில் போட்டுத் துப்பாக்கியோடு வையுங்கள். உங்கள் கண்ணுக்கு வேண்டியிருந்தது ஒரு துளை, அடுத்து வாங்குபவரின் கண்ணுக்கு அது வேண்டியிராமல் போகலாம். அவருக்கு முழுத் துப்பாக்கியும் கிடைக்க வேண்டும்.